கொக்கி ஐயா எங்கே?

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் யாஜென் ரொம்ப சந்தோஷமாக இருந்தாள். மழை பிடித்துக்கொண்டிருந்தது. கீலுங் துறைமுக ஊரில் மழை பெய்தால்தான் அவள் சலவைக் கடையில் கூட்டம். கீழ்த்தளத்து டிரையர்கள் ஒன்றுவிடாமல் ஓடிக்கொண்டிருந்தன. ஆனால் சந்தோஷத்துக்குக் காரணம் அது இல்லை. இன்றைக்கு மத்தியானம் கட்டில் வருகிறது.

வரட்டும், எத்தனை வருஷத்துக் கனவு! மகள் யூட்டோங்குக்குப் பன்னிரண்டு வயசாகிவிட்டது. அடுத்த மாதம் பெரிய பள்ளிக்கூடம் போகிறவள் இன்னமும் அப்பா அம்மா காலடியில் மடக்குக் கட்டில் போட்டுப் படுக்கிறாள். வீட்டில் அறை இல்லாமலா? மாடியில் மாமனார் அறைக்குப் பக்கத்தில் ஜன்னலோடு அழகாக ஒரு சின்ன அறை இருக்கிறது. அதில் பதினாறு வருஷமாகக் குடியிருப்பது ஒரு கம்ப்யூட்டர்.

அவள் புருஷன் ஷிகாய் கல்லூரியில் படிக்கும்போது நண்பர்களோடு சேர்ந்து எழுதிய விளையாட்டு அதற்குள் ஓடுகிறது. படம் கிடையாது, பாட்டு கிடையாது, எல்லாமே எழுத்து. 'நீ ஒரு சந்தில் நிற்கிறாய். வடக்கே ஒரு கதவு' என்று திரையில் வரும். 'வடக்கே' என்று தட்டினால் கதவுக்குள் போகலாம். ஊர் ஊராக ஆட்கள் அதற்குள் வந்து சந்தித்து, சண்டை போட்டு, கடை வைத்து, கதை பேசிவிட்டுப் போவார்கள். நண்பர்கள் எல்லாம் கல்யாணம் காட்சி என்று கழன்றுகொண்ட பிறகும் சர்வரை வீட்டில் வைத்துக் கட்டிக் காப்பவன் ஷிகாய் ஒருத்தன்தான்.

போன வாரம் யாஜென் பொறுமை இழந்து கத்தினாள், கத்திய வேகத்துக்கு அவன் மறுபேச்சில்லாமல் "சரி, மூடிடறேன்" என்று சொல்லிவிட்டான். அவனே அலுத்துப் போயிருந்தான். பகலெல்லாம் ஆபீஸ் கம்ப்யூட்டர், வீட்டுக்கு வந்தால் இந்தக் கம்ப்யூட்டர். எத்தனை வருஷம்தான் ஒரு மனுஷன் கண்டவர்களின் புகாரைக் கேட்டுக்கொண்டிருப்பான்?

எல்லாவற்றையும் இன்றைக்கே செய்து முடித்தாக வேண்டும். நாளை மறுநாள் சந்திரக் கணக்கில் ஏழாம் மாதம் பிறக்கிறது. பேய்கள் ஊருக்குள் நடமாடுகிற அந்த மாதத்தில் வீட்டில் கட்டிலை நகர்த்த யாருக்கும் தைரியம் வராது. கட்டில் கடைக்காரனும் அதற்கப்புறம் வேலைக்கு ஆள் அனுப்ப மாட்டான்.

ஆகவே சாப்பாட்டுக்கு அப்புறம் சர்வரை நிறுத்துவது, மேஜையைக் கழற்றுவது, கட்டிலைப் போடுவது. யாஜென் போட்டு வைத்த கணக்கு அவ்வளவுதான்.

"யார் வெச்சது இதை?"

மாடியிலிருந்து வந்த அலறலில் இஸ்திரிப் பெட்டி அவள் கையை விட்டுப் போகப் பார்த்தது. இரண்டிரண்டு படியாகத் தாவி மேலே ஓடினாள்.

சின்ன அறை வாசலில் ஷிகாய் நின்றான். பின்னால் திரை கருப்பாக இருந்தது. சர்வர் விழுந்துவிட்டிருந்தது. அவன் கையில் ஒரு மக்காச்சோளப் பொரி பாக்கெட். மஞ்சள் பாக்கெட்.

யாஜெனுக்கு முதலில் வந்தது சிரிப்பு. அப்புறம் அடக்கிக்கொண்டாள். அந்த ஊரில் மெஷின் வைத்துப் பிழைக்கிறவன் எவனாவது அதைப் பார்த்துச் சிரிப்பானா? பச்சைப் பாக்கெட்டை மெஷின் மேல் வைத்தால் அது சமர்த்தாக ஓடும். ஆஸ்பத்திரியிலிருந்து பாங்க் வரைக்கும் வைக்கிறார்கள். அவள் டிரையர்கள் மேலேயே ஆளுக்கொன்று உட்கார்ந்திருக்கிறது. தேதி தாண்டக்கூடாது, யாரும் பிரித்துத் தின்றுவிடக்கூடாது, பச்சையைத் தவிர வேறு நிறம் கூடவே கூடாது. மஞ்சளை வைப்பதும் மெஷினைப் பார்த்து 'எக்கேடும் கெட்டுப் போ' என்று சொல்வதும் ஒன்றுதான்.

"அப்பாகிட்டதான் வாங்கிட்டு வரச் சொன்னேன். பழசு தேதி தாண்டிடுச்சு. கடைசி நாளாவது ஒழுங்கா ஓடட்டும்னு நெனச்சேன். பாரு, இவர் பண்ணி வெச்சிருக்கிற வேலையை!"

மாமனார் ஹாய்ஷான் தன் அறைக் கதவைத் திறந்துகொண்டு வந்தார். துறைமுகத்தில் நாற்பது வருஷம் கிரேன் ஓட்டியவர். அந்த உயரத்திலிருந்தே கீழே கப்பலில் நிற்கிறவன் என்ன சிகரெட் பிடிக்கிறான் என்று சொல்லிவிடுவாராம். இதை அந்த வீட்டில் கேட்காதவர்கள் கிடையாது.

"என்னடா சத்தம்?"

"இது என்னப்பா?" ஷிகாய் பாக்கெட்டை அவர் முகத்துக்கு நேராக நீட்டினான்.

கிழவர் அதைப் பார்க்கவில்லை. கொஞ்சம் தள்ளிச் சுவரைப் பார்ப்பதுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டார். அட, என்ன அலட்சியம் என்று யாஜெனுக்கே தோன்றியது.

"பொரிப் பாக்கெட்."

"என்ன கலர்?"

கிழவர் தலையை இன்னும் கொஞ்சம் சாய்த்தார்.

"ஏன், பிடிக்கலையா உனக்கு?"

"மஞ்சள்ப்பா! மஞ்சளைக் கொண்டாந்து சர்வர் தலையில வெச்சிருக்கீங்க. பதினாறு வருஷமா இந்த ரூம் பக்கமே எட்டிப் பாத்ததில்ல. 'படிச்ச படிப்புக்குப் பொம்மை விளையாட்டா'ன்னு கேட்டவர்தானே நீங்க? மூடப் போற அன்னிக்கும் கேலி பண்ணணுமா?"

ஹாய்ஷானின் கை ஒரு தடவை கதவு நிலையைத் தடவிப் பிடித்தது. முகம் சிவந்துவிட்டது.

"ஆமாண்டா. வேணும்னுதான் வெச்சேன். மூடப் போற கடைக்குப் பச்சை என்ன கேடு?"

சொல்லிவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

யாஜென் அப்படியே நின்றாள். இந்த வீட்டுக்கு அவள் வந்து பதினாலு வருஷமாகிறது. மாமனார் முன்கோபி, வாய் நீளம், சாப்பாட்டில் நொட்டை சொல்வார், எல்லாம் உண்மைதான். ஆனால் வேண்டுமென்று ஒருத்தர் மனசை நோகடிக்கிற மனுஷன் இல்லை. அதுவும் மகனை.

"விடு, இன்னிக்கு ஒரு நாள்தானே" என்றாள் புருஷனிடம். "முதல்ல ஏன் விழுந்துதுன்னு பாரு."

அவன் பெட்டியைத் திறந்து பார்த்தான். டிரையரிலிருந்து படியேறி வந்த துணிப் பஞ்சு விசிறியில் பொதபொதவென்று அடைத்திருந்தது. சூடு தாங்காமல் மெஷின் தானாகவே நின்றுவிட்டிருக்கிறது.

"பாத்தியா, பஞ்சுதான். பாவம் அப்பா."

"பச்சை இருந்திருந்தா பஞ்சு அடைச்சிருக்காது" என்றான் ஷிகாய், இன்ஜினியரிங் படித்தவன், கொஞ்சமும் சிரிக்காமல்.

கடைக்கு ஓடிப்போய்ப் பச்சை வாங்கி வந்து வைத்த பிறகுதான் பொத்தானை அழுத்தினான். சர்வர் எழுந்துகொண்டது.

கீழே டெலிபோன் மணி அடித்தது.

சலவைக் கடை எண்தான் விளையாட்டுக்கும் புகார் எண். ஷிகாய் ஆரம்பத்தில் அதைத்தான் அறிவிப்பில் போட்டான், அப்புறம் மாற்றவே இல்லை. 'கம்பளி துவைப்பீங்களா' என்று ஒரு போன் வந்தால், 'சர்வர் விழுந்துடுச்சா' என்று இரண்டு வரும். யாஜென் அலுத்துக்கொண்டே எடுத்தாள்.

"அண்ணி, நான் லெய் பேசறேன், சிஞ்சூலேர்ந்து. சர்வர் வந்துடுச்சு, பாத்துட்டேன். அதுக்குக் கூப்பிடல."

லெய்யின் குரல் அவளுக்குப் பழக்கம்தான். எப்போதும் மரியாதையாகப் பேசுவான். முகம் பார்த்ததில்லை.

"அப்ப எதுக்குப்பா?"

"இன்னியோட மூடறீங்கன்னு அண்ணன் அறிவிப்பு போட்டிருக்காரே, நெசமா?"

"நெசம்தான். எனக்கு ரூம் வேணும். படம் இல்லாத விளையாட்டை இந்தக் காலத்துல எவன் ஆடறான், கண்ணு தெரியாதவனா?"

சும்மா வாய்க்கு வந்ததைச் சொன்னாள். அந்தப் பக்கம் கோபமோ வருத்தமோ இல்லை.

"ஆமா அண்ணி. நாங்கதான்."

"என்ன?"

"இப்ப மிச்சம் இருக்கறதுல பாதிக்கு மேல எங்க ஆளுங்கதான். எனக்கு இங்க மசாஜ் கடை. திரையில வர்ற எழுத்தைக் கம்ப்யூட்டர் படிச்சுக் காட்டும், காதால கேட்டுட்டே ஆடுவோம். படம் போட்ட விளையாட்டெல்லாம் எங்களுக்கு எதுக்கு? உங்க வீட்டு ஊர் ஒண்ணுதான் அண்ணி, எங்களுக்கும் மத்தவங்களுக்கும் ஒரே மாதிரி இருக்கிற ஊரு."

யாஜெனுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. எத்தனை தடவை இவனிடம் சிடுசிடுத்திருக்கிறாள்! 'வேலை வெட்டி இல்லையா உங்களுக்கு' என்றுகூட ஒரு நாள் கேட்டிருக்கிறாள்.

"மன்னிச்சுக்கப்பா. எனக்குத் தெரியாது."

"அட, விடுங்க அண்ணி. அதை விட முக்கியமான ஒண்ணு. காலைல சர்வர் விழுந்ததுக்கு அப்புறம் எல்லாரும் திரும்ப வந்துட்டோம். கொக்கி ஐயாவைக் காணோம்."

"யாரு அது?"

"பேரு தெரியாது, அங்க கொக்கின்னுதான் வெச்சிருக்காரு. வயசானவரு. புதுசா யாரு வந்து வழி தெரியாம முழிச்சாலும் மொத ஆளா வந்து நிப்பாரு. ஒரே நக்கல், வாயத் தொறந்தா கப்பல்காரங்களைத் திட்டுவாரு. மூணு வருஷத்துல ஒரு காலை தவறினதில்ல. நேத்திலேர்ந்தே மூடறாங்க மூடறாங்கன்னு ஒரு மாதிரியாப் பேசிட்டு இருந்தாரு. தனியா இருக்கிறவரோ என்னமோ. எங்கேர்ந்து வர்றாருன்னு அண்ணன் சர்வர்ல பாக்க முடியுமே? ஒரு எட்டு பாக்கச் சொல்லுங்களேன். மனசு கேக்கல."

யாஜென் போனை வைக்காமல் மேஜை மேல் போட்டுவிட்டுப் படியேறினாள்.

"கண்ணு தெரியாதவங்க ஆடறாங்கன்னு ஏன் என்கிட்ட சொல்லல?"

ஷிகாய் திரையை விட்டுத் தலையைத் திருப்பவில்லை. "சொல்லியிருந்தா? 'அதுக்கு நான் என்ன பண்றது, என் பொண்ணுக்கு ரூம் வேணும்'னு சொல்லியிருப்ப."

சொல்லியிருப்பாள்தான். அதனால் அந்தப் பேச்சை விட்டுவிட்டுக் கொக்கி ஐயா விஷயத்துக்கு வந்தாள்.

"கொக்கியா? ஐயோ, தங்கமான ஆளாச்சே" என்றான் ஷிகாய். "எனக்குப் பாதி வேலையைக் குறைச்சவர். இரு, பாக்கறேன். எவன் எங்கேர்ந்து வர்றான்னு நான் நோண்டறதே இல்ல, சண்டை சச்சரவு வந்தாத்தான் பாப்பேன்."

யார் உள்ளே வந்தாலும் எந்த இணைப்பிலிருந்து வருகிறார்கள் என்கிற எண் சர்வரில் பதிவாகும். அவன் தட்டினான். வரிசையாக எண்கள் ஓடின. நின்றன. ஷிகாய் மூக்கைத் திரையில் இடிக்கிற மாதிரி போய்ப் பார்த்தான்.

"என்ன?"

"இது நம்ம வீடு."

"புரியற மாதிரி சொல்லு."

"வெளிய இருந்து வர்ற எண் இல்ல இது. இந்த வீட்டுக்குள்ள இருக்கிற இணைப்புலேர்ந்து வர்றது. கொக்கி இந்த வீட்ல உக்காந்துட்டுதான் ஆடறாரு."

இரண்டு பேரும் ஒருத்தரையொருத்தர் பார்த்துக்கொண்டார்கள். ஷிகாயின் முகம் மெல்ல மலர்ந்தது.

"ஏய்… நீயா?"

"என்னது?"

"மூணு வருஷமா! மேல திட்டிட்டு, கீழ கடையில உக்காந்து… அப்பா பேச்சைக் கேட்டுக் கேட்டுக் கப்பல்காரனைத் திட்டறது, அந்த நக்கலு… எனக்கு எப்படித் தோணாமப் போச்சு? சொல்லியிருக்கலாமேடி!"

அவன் கண் கலங்கிவிட்டது. யாஜெனுக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை.

"பைத்தியமா உனக்கு? பொழுதுக்கும் துணி மடிக்கிறவளுக்கு நேரம் ஏது? நான் இல்ல."

"யூட்டோங் காலைல டியூஷன் போயிடறா. நான் ஆபீஸ். அப்புறம் யாரு?"

அவள் பக்கத்து அறைக் கதவைப் பார்த்தாள். ஷிகாயும் பார்த்தான். பார்த்துவிட்டுச் சிரித்தான்.

"அப்பாவா? போன்ல வர்ற மெசேஜையே படிக்க மாட்டாரு. 'அதெல்லாம் எவன் படிப்பான்'பாரு. காலைல பண்ணின வேலையைப் பாத்தே இல்ல? போ போ. ஒத்துக்க மாட்ட, விடு. மூடறதுக்கு முந்தி எல்லாருக்கும் ஒரு நன்றி எழுதணும்."

யாஜென் வராந்தாவில் வந்து நின்றாள்.

மெசேஜ் படிக்க மாட்டார். ஆமாம். பேப்பரை எப்போது நிறுத்தினார்? 'எல்லாம் பொய்ச் செய்தி' என்று சொல்லி நிறுத்தினார். ஸ்கூட்டரை எப்போது விற்றார்? 'முழங்கால் வலி' என்று சொல்லி விற்றார். கடையில் நிற்கிற வாடிக்கைக்காரர் பேரைச் சொல்லிக் கூப்பிட்டாலொழிய அவர்களிடம் பேசுவதில்லை. திமிர் என்று ஊரே சொல்கிறது. அவர் அறையில் எப்போதும் ஒரு பெண் குரல் கடகடவென்று ஓடும், பங்குச் சந்தைச் செய்தி என்று அவள் நினைத்திருந்தாள். நடு நடுவே 'வடக்கே போ, கிழக்கே போ' என்று முணுமுணுப்பார். கிரேன் ஞாபகம், வயசாகிவிட்டது என்று கதவைத் தாண்டிப் போய்விடுவாள்.

காலையில் அவர் சுவரைப் பார்த்தது அலட்சியம் இல்லை. நேராகப் பார்த்தால் அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. அதனால்தான் ஓரக்கண்ணால் பாக்கெட்டைத் தேடியிருக்கிறார்.

கண் தெரியாது என்று சொல்வதைவிட, வேண்டுமென்று செய்தேன் என்று சொல்லித் திட்டு வாங்கிக்கொள்வது அவருக்குச் சுலபமாக இருந்திருக்கிறது.

கதவைத் தட்டக் கையை எடுத்தாள், இறக்கிக்கொண்டாள். கேட்டால் என்ன சொல்வார்? 'யாருக்குடி கண்ணு தெரியல, கப்பல்ல நிக்கிறவன் சிகரெட்டைச் சொல்லுவேன் நான்' என்று எகிறுவார். மூணு வருஷம் மறைத்தவர் முகத்துக்கு நேரே கேட்டால் ஒத்துக்கொள்வாரா?

கீழே ஓடினாள். போன் இன்னும் மேஜை மேலேயே கிடந்தது.

"லெய், இருக்கியா? நான் உங்க ஊருக்குள்ள வரணும். எப்படி வர்றது?"

"நீங்களா அண்ணி?" லெய் வாய்விட்டுச் சிரித்தான். "இருங்க, மசாஜுக்கு வந்தவர் ஒருத்தர் மேஜையில குப்புறப் படுத்திருக்காரு, பத்து நிமிஷம் தூங்குங்கன்னு சொல்லிட்டு வர்றேன்."

கடைக் கணக்குப் போடுகிற கம்ப்யூட்டரில் உட்கார்ந்தாள். அவன் சொல்லச் சொல்ல ஒவ்வொன்றாகத் தட்டினாள். பேர் என்ன என்று விளையாட்டு கேட்டது. எதிரே பார்த்தாள். 'இஸ்திரி' என்று போட்டாள்.

'நீ சந்தையின் நடுவில் நிற்கிறாய். மழை பெய்கிறது' என்றது திரை. படுபாவி, விளையாட்டிலும் கீலுங் மழையைப் பெய்ய வைத்திருக்கிறான்.

"இப்ப 'கூவு'ன்னு தட்டிட்டு, சொல்ல வேண்டியதை எழுதுங்க" என்றான் லெய். "கொக்கி ஐயா எந்த மூலையில இருந்தாலும் கேக்கும். புது ஆள்னா அவரால சும்மா இருக்க முடியாது."

'கூவு: கொக்கி ஐயா, நான் புதுசு. வழி தெரியல.'

காத்திருந்தாள். ஒரு டிரையர் வேலை முடிந்து பீப் பீப் என்று அடித்தது. துணிக்காரி வந்து எடுத்துக்கொண்டு போனாள். மேலே மாமனார் அறையில் நாற்காலி நகர்கிற சத்தம்.

'கொக்கி வருகிறார்.'

'கொக்கி: யாருமா அது, சந்தை நடுவுல நின்னு மீன்காரி மாதிரி கத்தறது? காலைலேர்ந்து வரக்கூடாதுன்னு உக்காந்திருந்தேன். கெடுத்துட்ட. எங்க போகணும்?'

அச்சு அசல் அவரேதான். குழம்பில் உப்பு இல்லை என்று சொல்கிற அதே குரல்.

"வந்துட்டாரு அண்ணி, பேசுங்க!" என்றான் லெய் போனில், உற்சாகமாக.

எதைப் பேசுவது? கட்டில் வண்டி எந்த நேரமும் வந்துவிடும். சுற்றி வளைத்துக் கேட்கிற பழக்கம் அவளுக்குக் கிடையாது. முன்னே தட்டிய மாதிரியே தட்டினாள்.

'கூவு: அப்பா, நான் யாஜென். உங்களுக்குக் கண்ணு தெரியலதானே? பச்சை எது மஞ்சள் எதுன்னு தெரியாமத்தானே வாங்கிட்டு வந்தீங்க? ஏன்ப்பா வேணும்னு வெச்சேன்னு பொய் சொன்னீங்க? எப்பலேர்ந்து இப்படி?'

போனில் லெய் மூச்சை இழுத்தது கேட்டது.

"அண்ணி… அண்ணி, கூவிட்டீங்க."

"ஆமா, நீதானே சொல்லிக் கொடுத்த?"

"அது கூப்பிடறதுக்கு. பக்கத்துல நிக்கிறவரோட பேசறதுக்கு 'பேசு'ன்னு தட்டணும். இப்ப நீங்க கேட்டது எல்லாருக்கும் போயிருக்கும். உள்ள இருக்கிற அத்தனை பேருக்கும். அண்ணன் திரையிலயும்."

யாஜென் தலையில் கையை வைத்துக்கொண்டாள். ஒரு மனுஷன் மூணு வருஷமாகக் கட்டிக் காத்ததை நடுச் சந்தையில் போட்டு உடைத்தாயிற்று. அழிக்க வழி உண்டா என்று கீபோர்டை வெறித்துப் பார்த்தாள். இருப்பதாகத் தெரியவில்லை.

திரையில் பதில்கள் ஒவ்வொன்றாக வந்தன.

'மூங்கில் கூவுகிறார்: ஐயா, எனக்குப் பொறந்ததுலேர்ந்தே தெரியாது.'

'சோயாப்பால் கூவுகிறார்: எனக்குப் பத்தாவது படிக்கும்போது போச்சு. நானும் ரெண்டு வருஷம் வீட்ல சொல்லல.'

'தவளை கூவுகிறார்: எனக்கு ஒரு கண்ணு மட்டும் பரவால்ல.'

'பூனைக்காரன் கூவுகிறார்: எனக்கு ரெண்டும் நல்லாத் தெரியும். ஆனா சர்வர் மேல மஞ்சள் வெச்ச கொடுமையை நான் மன்னிக்க மாட்டேன்.'

லெய் போனில் சிரித்தான். யாஜெனுக்கும் கண்ணில் நீரோடு சிரிப்பு வந்தது. ஆனால் கொக்கி ஒன்றும் சொல்லவில்லை. கோபித்துக்கொண்டு போய்விட்டாரா? மாடியை நோக்கிக் காதைத் தீட்டினாள். டிரையர் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. போய் அத்தனை டிரையரையும் நிறுத்தினாள்.

கடை அமைதியாயிற்று. மேலே கிழவரின் குரல், போனை வாயருகே வைத்துக்கொண்டு பேசுகிறவரின் மெதுவான குரல், ஏதோ சொல்லிக்கொண்டிருந்தது. அவர் பேசுவதைப் போன் எழுத்தாக்கிக் கொடுக்கும் போலிருக்கிறது. திரையைப் பார்த்தாள்.

'கொக்கி கூவுகிறார்: நடுவுல மட்டும் தெரியல. ஓரத்துல தெரியும். நாலு வருஷம் ஆச்சு. கண் ஆஸ்பத்திரியில இனிமே திரும்பாதுன்னுட்டான். கிரேன் ஓட்டினவனுக்குக் கண்ணு போச்சுன்னா வெளிய சொல்ல முடியுமா?'

'கொக்கி கூவுகிறார்: அங்க ஒரு நர்ஸ் பொண்ணு போனைப் பேச வெச்சுக் கொடுத்தா. என்ன கேக்கலாம்னு யோசிச்சேன். என் பையன் இத்தனை வருஷமா ராவும் பகலும் எதைக் கட்டிக்கிட்டு அழறான்னு பாக்கலாம்னு வந்தேன். குத்தம் கண்டுபிடிச்சுத் திட்டத்தான் வந்தேன்.'



'கொக்கி கூவுகிறார்: சந்துக்குச் சந்து, படிக்குப் படி, கண்ணை மூடிட்டு நடக்கிற மாதிரி கட்டியிருக்கான். நாற்பது வருஷம் துறைமுகத்துல இருந்தேன், இவ்வளவு ஒழுங்கா ஒரு இடத்தை நான் பாத்ததில்ல. அவன்கிட்ட இதைச் சொல்ல எனக்கு வாய் வரல. சர்வர்காரன் படிக்கிறான்னா படிச்சுக்கட்டும்.'

யாஜென் வாயைப் பொத்திக்கொண்டாள்.

மேலே சின்ன அறையில் நாற்காலி ஒன்று தடாலென்று விழுந்தது.

அதே சமயம் கடை வாசலில் லாரி வந்து நின்றது. மழைக்கோட்டு போட்ட இரண்டு ஆட்கள் பிளாஸ்டிக் சுற்றிய கட்டில் பலகையைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தார்கள். தண்ணீர் தரையெல்லாம் சொட்டியது.

"ஷிகாய் வீடுதானே? கட்டில் எந்த ரூம்ல போடணும், அக்கா?"

அவள் வாயைத் திறந்தாள். காலையில் யாராவது கேட்டிருந்தால் கண்ணை மூடிக்கொண்டு சொல்லியிருப்பாள். இப்போது மாடியை நிமிர்ந்து பார்த்தாள்.

"அக்கா, பலகை கனமா இருக்கு. எந்த ரூம்?"

"கொஞ்சம் இருங்கப்பா" என்றாள். மாடியில் ஷிகாயின் காலடிச் சத்தம் வராந்தாவைக் கடந்து, கீழே இறங்கும் படிப் பக்கம் வராமல் பாதியிலேயே நின்றது. அவள் திரும்பித் திரையைப் பார்த்தாள்.

'கொக்கி கூவுகிறார்: எல்லாரும் கொஞ்சம் இருங்க. என் பையன் கதவைத் தட்டறான்.'